ஈக்வடாரில் கைடுடன் பறவை பார்க்க: கிளம்பும் முன்னிருந்து திரும்பும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தந்தயாபா பள்ளத்தாக்கின் பாதையில் கைடு சட்டென்று நின்றார். "டூக்கன் பார்பெட். பாசி படிந்த மரம், இடது பக்கக் கிளை, நடுவில்" என்றார். எங்களில் எட்டுப் பேர். பறவை நான்கு விநாடி உட்கார்ந்திருந்தது. மூன்று பேர் பார்த்தார்கள். ஒருவர் பைனாகுலர் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இன்னொருவர் "எந்த மரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் சரியான மரத்தைத்தான் பார்த்தார்கள், ஆனால் கண்ணாடிக்குள் இலை மட்டும்தான் தெரிந்தது.

அந்த ஐந்து பேரும் அரை உலகம் சுற்றி வந்தவர்கள். பறவையைக் கண்டுபிடிப்பது கைடின் வேலை, அதை அவர் நன்றாகவே செய்வார். அவர் காட்டிய இடத்துக்கு நான்கு விநாடிக்குள் உங்கள் கண் போய்ச் சேர வேண்டும். அது உங்கள் வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நான்கு விநாடிக்கான தயாரிப்புதான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதலில் பணம் கட்டிவிட்டு அப்புறம் யோசித்தவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள்.

பறவைப் பெயர்களை கைடு ஆங்கிலத்தில்தான் கூப்பிடுவார். காதுக்குப் பழகட்டும் என்று நானும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் உயரத்தைத் தேர்ந்தெடுங்கள், பறவை எண்ணிக்கையை அல்ல

ஈக்வடார் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான பரப்பு கொண்ட நாடு. அதற்குள் 1,600க்கும் மேற்பட்ட பறவை இனங்கள். ஆண்டிஸ் மலை நாட்டின் நடுவே ஓடுவதுதான் இதற்குக் காரணம். மேற்குச் சரிவில் ஒரு கூட்டம், கிழக்குச் சரிவில் வேறு கூட்டம், அதிலும் ஒவ்வொரு சில நூறு மீட்டருக்கும் இனங்கள் மாறும். மேற்குச் சரிவில் ரியோ சிலாஞ்சே ஏறக்குறைய 350 மீட்டரில், மில்பே 1,100 மீட்டரில், மிண்டோ ஊர் 1,250 மீட்டர் அளவில், யானாகோச்சா 3,500 மீட்டரில் இருக்கின்றன. எல்லாமே தலைநகர் கீட்டோவிலிருந்து சில மணி நேரக் கார் பயணத்துக்குள்.

இதனால்தான் டூர் நிறுவனங்கள் "12 நாளில் இத்தனை நூறு இனங்கள்" என்று விளம்பரம் செய்ய முடிகிறது. முதல் முறை போகிறவர் அந்த எண்ணில் மயங்க வேண்டாம். பெரிய எண் என்றால் தினமும் ஒரு லாட்ஜ், பாதி நேரம் வண்டியில், ஒவ்வொரு பறவைக்கும் அரை நிமிடம் என்று பொருள். ஒரு சரிவை எடுத்துக்கொண்டு மூன்று உயரங்களில் நிதானமாகப் பாருங்கள். முதல் பயணத்துக்கு மேற்குச் சரிவைத்தான் சொல்வேன்: சாலை நல்லது, தூரம் குறைவு, ரீங்காரச்சிட்டுகளுக்கு (ஹம்மிங்பேர்ட்) சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் தோட்டங்கள் நிறைய. நாள் மிச்சம் இருந்தால் கிழக்கே பாப்பல்யாக்தா, குவாங்கோ, சான் இசித்ரோ.

அமேசானை முதல் பயணத்தில் சேர்க்காதீர்கள். கோகா ஊருக்கு விமானம், அங்கிருந்து நாப்போ ஆற்றில் இரண்டு மூன்று மணி நேரம் மோட்டார் படகு, அப்புறம் 35 மீட்டர் உயர மரங்களின் உச்சியில் புள்ளியாகத் தெரியும் பறவைகள். புதிய கண்ணுக்கு அது கடினம். இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொண்டால் பத்து மடங்கு ரசிப்பீர்கள்.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மிண்டோ பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஜனவரியிலிருந்து மே வரை நன்றாகக் கொட்டும். கிழக்குச் சரிவில் கணக்கு வேறு; அங்கே ஏப்ரல் முதல் ஜூலை வரைதான் மழை அதிகம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை பரவாயில்லை. இரண்டு சரிவும் வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர் நல்ல சமரசம். வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த பறவைகளும் அப்போது இருக்கும்.

மழை இல்லாத நாளே வேண்டும் என்று தேடாதீர்கள். இந்த மலைக்காடுகளுக்கு மேகக்காடு என்ற பெயரே அதனால்தான். நல்ல வெயிலடிக்கும் நாளில் ஒன்பது மணிக்கே காடு அடங்கிவிடும். மூடுபனியும் தூறலும் உள்ள நாளில் மதியம் வரை பறவைகள் இயங்கிக்கொண்டே இருக்கும்.

3. டூர் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டும் முன் ஒவ்வொரு நாளும் எங்கே, எந்த இரவு எந்த லாட்ஜ் என்ற முழு அட்டவணையை வாங்குங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்:

- குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? எட்டுக்கு மேல் வேண்டாம். ஒற்றையடிப் பாதையில் வரிசை நீண்டால் பின்னால் நிற்பவருக்கு முதுகுதான் தெரியும். ஆறு பேர் என்றால் மிக நல்லது.
- வண்டி ஓட்டுபவரும் கைடும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால் ஓட்டும்போது அவரால் சாலையோரப் பறவையைப் பார்க்க முடியாது, மாலையில் அவருக்குத் தூக்கமும் வரும்.
- எத்தனை இடத்தில் இரண்டு இரவு தங்குகிறோம்? பாதிக்கு மேல் அப்படி இருக்க வேண்டும்.
- இது புகைப்படக்காரர்களுக்கான டூரா, பார்ப்பவர்களுக்கானதா? இரண்டும் வேறு. புகைப்பட டூரில் ஒரே கிளையின் முன் இரண்டு மணி நேரம் உட்காருவார்கள்.
- கைடிடம் டெலஸ்கோப் இருக்குமா?
- நுழைவுக் கட்டணம், மூன்று வேளைச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்ந்த விலையா? டிப்ஸ் பெரும்பாலும் சேராது.

சைவம் என்றால் இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். மீனும் கோழியும் சைவமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் சோறும் அவரையும் வாழைக்காயும் அவகாடோவும் தினமும் கிடைக்கும்.

4. உயரம் ஏறும் வரிசையைச் சரிபாருங்கள்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் உண்டு. நான் முதலில் போன டூரில் இறங்கிய மறுநாளே பாப்பல்யாக்தா கணவாய்க்குக் கூட்டிப்போனார்கள். அது 4,000 மீட்டர். குழுவில் இருவருக்குத் தலை பிளக்கும் வலி, ஒருவருக்கு வாந்தி. அன்று பார்க்க வேண்டிய பறவைகளை அந்த மூவரும் வண்டிக் கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்கவில்லை.

கீட்டோ நகரமே 2,850 மீட்டரில் இருக்கிறது, ஊட்டியை விட 600 மீட்டர் உயரம். விமான நிலையம் இருக்கும் பக்கம் கொஞ்சம் தாழ்வு, 2,400 மீட்டர் அளவு. முதல் இரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் மிண்டோவுக்கு இறங்கிவிடுங்கள். அங்கே நான்கு இரவு. திரும்பும்போது யானாகோச்சா. உடம்பு பழகிய பிறகு கடைசியாகப் பாப்பல்யாக்தா. பல நிறுவனங்கள் வழியில் இருக்கிறதே என்று யானாகோச்சாவை முதல் நாளே வைப்பார்கள். மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

இதயம், ரத்த அழுத்தம், மூச்சு சம்பந்தமாகச் சிகிச்சையில் இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் மருத்துவரிடம் 4,000 மீட்டர் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "மலைப்பகுதி" என்று மட்டும் சொன்னால் அவர் கொடைக்கானலை நினைத்துக்கொள்வார்.

5. காகிதங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுகளுக்கு ஈக்வடார் 2019 ஆகஸ்டில் விசாவைக் கட்டாயமாக்கியது. விதிகள் மாறக்கூடியவை, தூதரக இணையதளத்தில் பார்த்துவிட்டு விமான டிக்கெட்டைத் தொடுங்கள். இடையில் மாறும் விமான நிலையத்தையும் மறக்க வேண்டாம். அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்குக்கூட இந்தியருக்கு அமெரிக்க விசா வேண்டும். ஆம்ஸ்டர்டாம் அல்லது மாட்ரிட் வழியாகவும் கீட்டோ போகலாம். அந்த இடைமாற்ற விதியையும் படியுங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதில் பலர் ஏமாறுவது எங்கே தெரியுமா? போகும்போது யாரும் கேட்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். கேட்பது இந்தியா. ஈக்வடார் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் விமான நிலையச் சுகாதாரத் துறைக்கு உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அப்படி ஒன்று. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

அங்கே 2000 முதல் அமெரிக்க டாலர்தான் புழக்கத்தில் இருக்கிறது. 5, 10, 20 டாலர் நோட்டுகள் எடுத்துப் போங்கள். 100 டாலர் நோட்டைக் கிராமத்துக் கடையில் வாங்க மாட்டார்கள்.

6. பைனாகுலர்: வாங்குவது பாதி, பழகுவது மீதி

8x42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 10x நெருக்கமாகக் காட்டுமே என்று தோன்றும். ஆனால் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும், பார்வைப் பரப்பும் சுருங்கும். காட்டுக்குள் பறவை ஓடியாடும்போது பரப்புதான் முக்கியம். 42ஐ 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். 10x42இல் அது நாலு சொச்சம்தான். மேகக்காட்டின் காலை ஆறு மணி வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தண்ணீர் புகாத, உள்ளே பனி படியாத வகையாக இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர் கண் குவளையைச் சுருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். கடையிலேயே போட்டுப் பார்த்து, முழு வட்டமும் தெரிகிறதா என்று சோதித்து வாங்குங்கள்.

வாங்கிய அன்றே இரண்டு கண்ணுக்கும் சமன் செய்யுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி, தூரத்துப் பெயர்ப்பலகையை இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் இருக்கும் சிறு வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தின் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமலேயே ஒரு வாரம் மங்கலாகப் பார்த்துவிட்டு "பைனாகுலர் சரியில்லை" என்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பயிற்சி. பறவையைக் கண்ணால் பிடியுங்கள். கண்ணையும் தலையையும் அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். புதியவர்கள் குனிந்து பைனாகுலரைப் பார்த்து, தூக்கி, அதற்குள் பறவையைத் தேடுவார்கள். அதனால்தான் இலை தெரிகிறது. வீட்டுச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டை வைத்து தினமும் பத்து நிமிடம், ஒரு மாதம் பழகுங்கள். பூ விட்டுப் பூ தாவும் தேன்சிட்டை மூன்று முறைக்கு இரண்டு முறை பிடித்துவிட்டால் நீங்கள் தயார்.

கழுத்துப் பட்டைக்குப் பதில் தோளில் மாட்டும் ஹார்னஸ் போடுங்கள், பத்தாம் நாளில் கழுத்து நன்றி சொல்லும். லென்ஸ் மூடிகளைக் காட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

7. இனங்களைப் படிக்காதீர்கள், குடும்பங்களைப் படியுங்கள்

1,600 படங்களைப் புரட்டினால் எதுவும் நிற்காது. பத்துக் குடும்பங்களைப் பிரித்தறியக் கற்றால் போதும்: ரீங்காரச்சிட்டு, டேனஜர், டூக்கன், ட்ரோகன், உட்கிரீப்பர், ஓவன்பேர்ட், ஆன்ட்பேர்ட், ஆன்ட்பிட்டா, மனகின், ஃப்ளைகேட்சர். கைடு "உட்கிரீப்பர்" என்றதும் அடிமரத்தைப் பார்க்க வேண்டும், "டேனஜர்" என்றதும் கிளை நுனியை, "ஆன்ட்பிட்டா" என்றதும் தரையை. குடும்பப் பெயரே பாதி விலாசம்.

நம்மிடம் ஏற்கெனவே கொஞ்சம் அறிமுகம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தீக்காக்கையும் ட்ரோகன்தான். அசையாமல் நிமிர்ந்து உட்காரும் பழக்கம் அங்கேயும் அதே. ஆன்ட்பிட்டாவைப் பார்த்தால் ஆறுமணிக்குருவி ஞாபகம் வரும், குட்டை வால், நீளக் கால். உறவு கிடையாது, உருவம் மட்டும்தான்.

பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் ஈக்வடார் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், காட்டில் சிக்னல் இருக்காது. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதிவிடும் ஈபேர்ட் தளத்தில் நீங்கள் போகும் இடத்தின் பெயரைப் போட்டால் எந்த மாதம் எது அதிகம் தெரிகிறது என்ற பட்டை வரைபடம் வரும். அதிலிருந்து பத்துப் பறவைகளைத் தேர்ந்து கைடுக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். ஐம்பது அனுப்பினால் அவர் எதையும் தனியாகத் தேட முடியாது.

8. பையில் போக வேண்டியவை

மங்கலான பச்சை, பழுப்பு, சாம்பல் உடைகள். வெள்ளைத் தொப்பி வேண்டாம். காலையில் யானாகோச்சாவில் பல் நடுங்கும், மதியம் மிண்டோவில் வியர்க்கும். அதனால் ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. மழைக்கோட்டு நடக்கும்போது சரசரவென்று சத்தம் போடாததாகப் பாருங்கள். குடையும் எடுத்துப்போங்கள், மேகக்காட்டில் நின்று பார்க்க அதுதான் வசதி. தலையில் மாட்டும் டார்ச், சிலிகா ஜெல் பொட்டலங்கள், உலர்ந்த சாக்ஸ்.

கொசு மருந்தில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் அது பைனாகுலரின் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். புறங்கையால் தேயுங்கள், உள்ளங்கையைத் துடைத்த பிறகு பைனாகுலரைத் தொடுங்கள்.

9. காட்டுக்குள்

பூமத்திய ரேகையில் ஆண்டு முழுவதும் ஆறு மணி அளவில்தான் விடியும். காக் ஆஃப் தி ராக் ஆண் பறவைகள் கூடி ஆடும் இடத்துக்கு இருட்டிலேயே போய்ச் சேர வேண்டும், அதாவது நாலரைக்கு எழ வேண்டும். முதல் நாள் இரவு ஒன்பதுக்குத் தூங்காதவர் அந்த நாள் முழுக்கத் திணறுவார்.

கைடு இடம் சொல்லும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். மரத்தைக் கடிகாரமாக நினைத்து "இரண்டு மணி" என்பார். உச்சி 12, வலது பக்கம் 3. பச்சை லேசரைப் பறவைக்குக் கீழே காட்டுவார். புள்ளியிலேயே நிற்காமல் கொஞ்சம் மேலே பாருங்கள். புரியவில்லை என்றால் "எங்கே?" என்று கேட்காதீர்கள். "வளைந்த வெள்ளை அடிமரம் தெரிகிறது, அதிலிருந்து எப்படி?" என்று கேளுங்கள். அவருக்குத் தொடங்க ஒரு புள்ளி கிடைக்கும். பறவையைச் சுட்டிக் கையை நீட்டவே கூடாது. குரலைவிடக் கை அசைவுதான் பறவையை விரட்டும்.

டெலஸ்கோப் வைத்தால் முதல் சுற்றில் ஆளுக்கு இரண்டு விநாடி. எல்லோரும் பார்த்த பிறகு நிதானமாக இரண்டாம் சுற்று. குழாயைக் கையால் பிடிக்காதீர்கள், நகர்ந்துவிடும்.

கலப்புக் கூட்டம் வரும்போதுதான் பலர் குழம்புகிறார்கள். அரைமணி நேரம் எதுவும் இருக்காது. திடீரென்று முப்பது பறவைகள், எட்டுப் பத்து இனங்கள், மூன்று நிமிடம். கைடு பெயர்களை அடுக்கிக்கொண்டே போவார். எல்லாவற்றையும் துரத்தினால் எதுவும் கிடைக்காது. ஒரு பறவையைப் பிடியுங்கள், அலகு, கண், மார்பு என்று பாருங்கள், அப்புறம் அடுத்தது. மூன்றை நன்றாகப் பார்த்தால் அது நல்ல கூட்டம்.

சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் தோட்டத்தில் இதற்கு நேர்மாறான தவறு. தட்டில் வந்து மோதும் சிட்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்துக் குச்சியைப் பாருங்கள். பல சிட்டுகள் குடித்துவிட்டு அதே குச்சிக்குத் திரும்பி வந்து உட்காரும். அங்கே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் போதும். யானாகோச்சாவில் ஒருமுறை சோர்ட்-பில்ட் என்ற ரீங்காரச்சிட்டு அப்படி வந்து உட்கார்ந்தது. அலகு உடம்பைவிட நீளம், அதன் பாரத்தைத் தாங்க முகத்தை மேலே தூக்கியே வைத்திருந்தது. அலகால் இறகைக் கோத முடியாததால் காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டது. ஒரு நிமிடம் முழுதாகப் பார்த்தேன், இன்றும் கண்ணில் நிற்கிறது.

மிண்டோ அருகே பாஸ் தே லாஸ் ஆவேஸ் என்ற பண்ணையில் ஜயன்ட் ஆன்ட்பிட்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மண்புழு போடுவார்கள். பண்ணைக்காரர் கைகாட்டிய இடத்தில் நில்லுங்கள், ஓரடி கூட முன்னே வைக்காதீர்கள். அந்தப் பறவை அவரைத்தான் நம்பி வருகிறது.

குரல் பதிவைப் போட்டுப் பறவையை அழைப்பதைக் கைடிடம் விட்டுவிடுங்கள். தன் எல்லைக்குள் வேறு பறவை வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது வெளியே வருகிறது. கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு வருகிறது. தினமும் பல குழுக்கள் போகும் பாதையில் அடுத்தடுத்துப் போட்டால் அது சோர்ந்துபோகும். "இன்னொரு தடவை போடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள்.

பாதையில் முன்வரிசையை அரைமணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். யாரும் சொல்லாவிட்டால் நீங்களே பின்னுக்குப் போங்கள்.

10. இரவும் கடைசி நாளும்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கைடு அன்றைய பட்டியலை வாசிப்பார். களைப்பாக இருந்தாலும் உட்காருங்கள். உங்கள் குறிப்பேட்டில் பெயருக்குப் பக்கத்தில் நீங்கள் பார்த்த ஒரு அடையாளம் எழுதுங்கள்: "சிவப்புக் கண்", "வாலை ஆட்டியது". எழுத ஒன்றுமே வராவிட்டால் அந்தப் பறவையை நீங்கள் பார்க்கவில்லை. நாளை மறுபடி காட்டச் சொல்லிக் கேளுங்கள், எந்தக் கைடும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பைனாகுலரை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள். முதலில் தூசியை ஊதுங்கள், பிறகு லென்ஸ் துணி. இரவு சிலிகா ஜெல் உள்ள பைக்குள் வையுங்கள்; மேகக்காட்டில் அறைக்குள்ளும் ஈரம்தான்.

கடைசி நாள் கைடுக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனி உறையில் டிப்ஸ் கொடுங்கள். எவ்வளவு என்று நிறுவனத்திடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் சங்கடம் இல்லை. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில், பாஸ்போர்ட்டுக்குள் சொருகி வையுங்கள். ஊரில் இறங்கியதும் குடியேற்ற வரிசைக்கு முன்பே அதைத்தான் கேட்பார்கள்.